நடுக்குளிரில் ஏன் விழிக்கிறது வௌவால்?

குளிர்கால உறக்கம் என்று பள்ளியில் படித்தபோது நம்மில் பலர் மனதில் பதிந்த படம் ஒன்றுதான். இலையுதிர்காலத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒரு பிராணி குகைக்குள் போகும், சுருண்டு படுக்கும், வசந்தம் வந்ததும் எழுந்து வெளியே வரும். நடுவில் ஆறு மாதம் ஒரே தூக்கம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் வௌவால், தரை அணில், அணில் குடும்பத்தைச் சேர்ந்த மர்மோட் போன்ற சிறிய பாலூட்டிகள் அந்த ஆறு மாதத்தில் பத்துப் பதினைந்து முறையாவது விழிக்கின்றன. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். தின்ன ஒரு பூச்சி கிடையாது. இருந்தும் விழிக்கின்றன. விழித்துச் சில மணி நேரம் இருந்துவிட்டு மறுபடியும் அடங்கிவிடுகின்றன.

எதற்காக? உயிரியலில் பல பத்தாண்டுகளாகத் தேடப்படும் கேள்வி இது. இதற்குக் கிடைத்திருக்கும் பதில்களைப் பார்க்கும் முன், அந்த விழிப்புக்கு என்ன செலவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். செலவு தெரிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும்.

வட அமெரிக்காவில் சிறு பழுப்பு வௌவால் என்று ஓர் இனம் உண்டு. நியூயார்க், வெர்மான்ட், கனடாவின் ஒன்டாரியோ, மனிடோபா பக்கமெல்லாம் ஒரு காலத்தில் சர்வசாதாரணமாகக் காணப்பட்டது. எடை 7 முதல் 10 கிராம் வரை, அதாவது இரண்டு தேக்கரண்டி சர்க்கரை அளவு. கோடை முழுக்கப் பூச்சி தின்று வாழ்கிறது. அக்டோபர் வாக்கில் குளிர் இறங்கிப் பூச்சிகள் மறைந்ததும், குகைகளிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் போய்த் தலைகீழாகத் தொங்கிக்கொள்கிறது. அப்போது அதன் உடலில் சுமார் 2 கிராம், கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம், கொழுப்பு சேர்ந்திருக்கும். ஏப்ரல் வரைக்கும் அதுதான் கையிருப்பு.

சாதாரணமாக வாழ்ந்தால் அந்தக் கொழுப்பு சில நாட்களுக்குக்கூடத் தாங்காது. எனவே வௌவால் தன் உடலின் அடுப்பையே அணைத்துவிடுகிறது. குகைக்குள் 5 டிகிரி செல்சியஸ் என்றால் அதன் உடலும் ஏறக்குறைய அதே 5 டிகிரிக்கு இறங்கிவிடும். விழித்திருக்கையில் நிமிடத்துக்குச் சில நூறு முறை துடிக்கும் இதயம் பத்து, இருபது துடிப்புக்கு வந்துவிடும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே பல நிமிடங்கள் போகும். உடலின் எரிபொருள் செலவு வழக்கத்தில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். இந்த நிலையை ஆய்வாளர்கள் டார்ப்பர் என்பார்கள். நான் இங்கே மந்தநிலை என்றே சொல்கிறேன். உறக்கம் என்ற சொல் இதற்குச் சரிப்படாது. உறங்கும் மூளையில் மின்னலைகள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆழ்ந்த மந்தநிலையில் அந்த அலைகள் கிட்டத்தட்ட ஒரு தட்டைக் கோடாகிவிடுகின்றன. இந்த வேறுபாடு பிற்பாடு முக்கியமாகப் போகிறது.

சரி, இப்படித் தொங்கிக்கொண்டிருக்கும் வௌவாலுக்கு ஒரு வாரமோ, இரண்டு வாரமோ, சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கும் மேலோ கழித்து, உள்ளேயிருந்து ஒரு மாற்றம் தொடங்குகிறது. வெளியே எதுவும் மாறியிருக்காது. குகை அதே 5 டிகிரியில்தான் இருக்கும். வௌவால் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்கிறது.

முதல் சூடு பழுப்புக் கொழுப்பிலிருந்து வருகிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இந்தத் திசு, சேமித்துவைக்கும் வெள்ளைக் கொழுப்பிலிருந்து வேறுபட்டது. கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் 1551-லேயே மர்மோட்டின் உடலில் இதைப் பார்த்து, கொழுப்பும் இல்லை, தசையும் இல்லை என்று குறித்துவைத்தார். மற்ற செல்களில் மைட்டோகாண்ட்ரியா எரிபொருளை எரித்து, உடல் வேலைக்குப் பயன்படும் ஆற்றலாக மாற்றும். பழுப்புக் கொழுப்பில் ஒரு தனிப் புரதம் அந்த வழியைத் திருப்பிவிடுகிறது. எரிவதெல்லாம் நேரே வெப்பமாகிவிடும். கைக்குழந்தைகளின் உடலிலும் இந்தக் கொழுப்பு உண்டு. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாத வயதில் அதுதான் அவர்களுக்குத் துணை.

வௌவாலிலும் முதலில் இதயம், நுரையீரல், மூளை சூடாகின்றன. கொஞ்சம் சூடேறிய பிறகு தசைகள் நடுங்கத் தொடங்கி மீதி வேலையை எடுத்துக்கொள்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் 5 டிகிரியில் இருந்த உடல் 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

அப்புறம் என்ன செய்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. குகைச் சுவரில் கசியும் நீரைக் குடிக்கும். சிறுநீர் கழிக்கும். ரோமத்தைக் கோதிக்கொள்ளும். சில சமயம் இடம் மாறித் தொங்கும். சில ஆண்கள் இணைசேரும். மிதமான குளிர்காலம் உள்ள இங்கிலாந்தின் தென்பகுதியில் பெரிய குதிரைலாட வௌவால்கள் அந்தி நேரத்தை ஒட்டி விழித்து, வெதுவெதுப்பான இரவு என்றால் வெளியே போய் வேட்டையும் ஆடுகின்றன. வடக்கே உறைபனிக்குள் இருக்கும் சிறு பழுப்பு வௌவாலுக்கு அந்த வாய்ப்பில்லை. இரண்டு மூன்று மணி நேரம் சூடாக இருந்துவிட்டு மறுபடியும் குளிர்ந்துவிடும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருமுறை விழித்து, மூன்று மணி நேரம் சூடாக இருக்க, ஒரு சிறு பழுப்பு வௌவாலுக்குச் சுமார் 0.1 கிராம் கொழுப்பு செலவாகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லைபோல இருக்கும். அதே 0.1 கிராமை வைத்துக்கொண்டு மந்தநிலையில் ஏறத்தாழ இரண்டு மாதம் தொங்கிக்கொண்டிருக்கலாம்! குளிர்காலம் முழுக்க 15 முறை விழித்தால் ஒன்றரை கிராம். மீதி நாட்களின் மந்தநிலைக்கு மொத்தமாகவே அரை கிராம்கூட ஆகாது. ஆறு மாதத்தில் விழித்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் இரண்டு நாள்தான் தேறும், காலத்தில் நூறில் ஒரு பங்கு. கொழுப்பிலோ நூறில் எழுபத்தைந்து, எண்பது பங்கு அந்த இரண்டு நாளுக்கே போய்விடுகிறது.

விழிக்காமலேயே இருந்திருந்தால் கால்வாசிக் கொழுப்போடு குளிர்காலத்தைக் கடந்திருக்கலாமே! இவ்வளவு விலை கொடுத்து ஒரு பழக்கம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது என்றால், அதைக் கைவிட முயன்ற உயிர்கள் பிழைக்கவில்லை என்றுதான் அர்த்தம். அலாஸ்காவின் ஆர்க்டிக் தரை அணிலைப் பாருங்கள். குளிர்காலத்தில் அதன் உடல் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குவதை 1989-ல் பதிவு செய்திருக்கிறார்கள். பாலூட்டிகளில் அப்படியொரு குளிர்ந்த உடலை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. உறைநிலைக்குக் கீழே உறையாமல் இருக்கத் தெரிந்த அந்த அணிலால்கூட, விழிக்காமல் இருக்க முடிவதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உறைந்த மண்ணுக்குள் 36 டிகிரிக்கு ஏறி இறங்குகிறது.

வௌவால்களைப் பொறுத்தவரை முதலில் தோன்றும் காரணம் தாகம். வௌவாலின் உடல் பரப்பில் பெரும்பகுதி ரோமமற்ற இறக்கைத் தோல். அதன் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். செலவு சுருங்கிய மந்தநிலையில், கொழுப்பு எரியும்போது கிடைக்கும் நீர் அந்த இழப்பை ஈடுகட்டப் போதாது. அதனால்தான் வௌவால்கள் காற்றில் ஈரம் நிறைந்த குகைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. ரோமமெல்லாம் பனித்துளி கோத்து, வெள்ளி தூவியதுபோலத் தொங்கும் வௌவால்களின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். காற்று உலர்ந்திருந்தால் அவை அடிக்கடி விழிக்கின்றன. விழித்ததும் தண்ணீரைத் தேடிப் போகின்றன. இதெல்லாம் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் தாகம் மட்டும்தான் காரணம் என்றால் தரை அணில் விழிக்கத் தேவையில்லை. அது வளையை விட்டு வெளியே வருவதே இல்லை. குடிக்க அங்கே தண்ணீரும் இல்லை. எனவே வேறு ஏதோ இருக்கிறது.

1991-ல் ஒரு விநோதமான விஷயம் தெரியவந்தது. தரை அணில்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தவர்கள், அவை மந்தநிலையிலிருந்து மீண்டு சூடானதும் பெரும்பாலான நேரத்தை எப்படிக் கழிக்கின்றன என்று பார்த்தார்கள். அவை தூங்கின! அத்தனை கொழுப்பைச் செலவழித்து விழித்தது, தூங்குவதற்காக. அதுவும் பல நாள் கண் விழித்தவர் தூங்குவதுபோல, முதல் சில மணி நேரம் மிக ஆழ்ந்த தூக்கம். மந்தநிலை உறக்கம் அல்ல என்று முன்பே சொன்னேன் அல்லவா. குளிர்ந்த மூளையால் தூங்க முடிவதில்லை. தூக்கக் கடன் ஏறிக்கொண்டே போகிறது, அதைத் தீர்க்கத்தான் அணில் சூடேறுகிறது என்று ஒரு விளக்கம் பிறந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. ஆனால் இதுவும் முழுதாக நிற்கவில்லை. சூடேறிய அணில்களைச் சில மணி நேரம் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். உண்மையான தூக்கக் கடன் என்றால், விட்டதும் அந்த ஆழ்ந்த தூக்கம் வட்டியோடு திரும்ப வர வேண்டும். அப்படி வரவில்லை. அந்த ஆழ்ந்த அலைகள் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. தூக்கம்போலத் தெரிந்தது, மூளை தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வேலையின் வெளி அடையாளமாக இருக்கலாம்.

அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. மந்தநிலையில் தரை அணிலின் மூளை நரம்புச் செல்கள் சுருங்குகின்றன. மரக்கிளைபோல விரிந்திருக்கும் அவற்றின் கிளைகள் குட்டையாகி, மற்ற செல்களோடு இருந்த இணைப்புகள் குறைந்துவிடுகின்றன. சூடேறிய ஓரிரு மணி நேரத்தில் அவை மீண்டும் துளிர்த்துவிடுகின்றன. இன்னொன்று: டாவ் என்ற மூளைப் புரதம் ஒன்று உண்டு. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இது பாஸ்பேட் கூடுதலாக ஒட்டிய நிலையில் சிக்கலாகச் சேர்ந்துவிடும். குளிர்கால மந்தநிலையில் இருக்கும் தரை அணிலின் மூளையிலும் டாவ் அதேபோல மாறுவதை 2003-ல் கண்டார்கள். விழித்ததும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மனித மூளையில் திரும்பாத ஒன்று, ஓர் அணிலின் மூளையில் குளிர்காலத்துக்குப் பத்து முறைக்கு மேல் வந்து வந்து போகிறது. அல்சைமரை ஆராய்பவர்கள் இந்தச் சின்ன அணிலை இத்தனை கவனமாகப் பார்ப்பது இதனால்தான்.

மூளை மட்டுமல்ல, உடல் முழுக்கவே பராமரிப்பு நின்றுபோகிறது. ஆழ்ந்த குளிரில் செல்கள் புதிதாகப் புரதம் செய்வது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் பெரும்பகுதி ரத்த ஓட்டத்தை விட்டு ஒதுங்கிவிடுகிறது. 2002-ல் வெளிவந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. மந்தநிலையில் இருந்த தரை அணில்களுக்கு, பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஊசியில் செலுத்தினார்கள். வழக்கமாக உடனே காய்ச்சல் வர வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை. நாட்கள் கழித்து அவை தம் முறைப்படி விழித்தபோதுதான் காய்ச்சல் அடித்தது. அந்த விழிப்பும் வழக்கத்தைவிட நீண்டது. கிருமி வந்ததென்ற செய்தி அத்தனை நாளாக வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

ஊருக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் செலவு இல்லை, தண்ணீர்ச் செலவு இல்லை. ஆனால் தூசு படியும், குழாய் துருவேறும், எலி வந்தால் விரட்ட ஆளில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை யாராவது வந்து திறந்து, கூட்டிப் பெருக்கி, குழாயைத் திறந்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பயணச் செலவுதான் அதிகம்.

எந்த ஒரு காரணத்தைச் சொன்னாலும் அது பாதிதான் பொருந்துவதைப் பார்த்தால், ஒற்றைக் காரணத்தைத் தேடுவதே சரியில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. தாகம், மூளை, புரதம், நோய் எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டியது ஒன்றுதான்: வெப்பம். விழிப்பது வெப்பத்தைப் பெறும் வழி. அப்படியானால், வெப்பம் வேறு வழியில் இலவசமாகக் கிடைத்துவிட்டால் விழிக்கத் தேவையில்லாமல் போக வேண்டும் அல்லவா?

இதைச் சோதித்துப் பார்க்க இயற்கையே ஒரு விலங்கை வைத்திருக்கிறது. மடகாஸ்கர் தீவின் மேற்குப் பகுதியில், குரங்குகளுக்குத் தூரத்து உறவான கொழுத்தவால் குட்டை லெமூர் வாழ்கிறது. வாலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, வறண்ட குளிர்காலத்தில் ஏழு மாதம் மரப்பொந்துகளில் முடங்குகிறது. அங்கே குளிர்காலப் பகல்கூட 30 டிகிரியைத் தாண்டும். சுவர் மெல்லிதாக இருக்கும் பொந்தில் கிடக்கும் லெமூரின் உடல் வெப்பம், வெளி வெப்பத்தோடு தினமும் ஏறி இறங்குகிறது. 2004-ல் வெளியான ஆய்வு சொன்னது இதுதான்: இப்படித் தினமும் 30 டிகிரிக்கு மேல் ஏறும் லெமூர்கள் விழிப்பதே இல்லை. தடித்த மரத்தின் பொந்தில், வெயில் உள்ளே எட்டாமல் குளிர்ந்தே கிடக்கும் லெமூர்களோ, அமெரிக்க வௌவால்களைப்போலவே சீராக இடையிடையே விழிக்கின்றன. ஒரே இனம், ஒரே காடு. வேறுபாடு மரத்தின் தடிமன்தான்.

கரடியும் இதற்கே சாட்சி. அலாஸ்காவின் கருங்கரடிகளைக் குளிர்காலம் முழுக்கக் கண்காணித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அவற்றின் எரிபொருள் செலவு கால்வாசிக்குக் குறைந்தாலும் உடல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை. பெரிய உடல், தடித்த ரோமம். அவற்றுக்கு வௌவால்போல ஏறி இறங்கும் விழிப்புகள் இல்லை. சூடு முழுதாகப் போகாத உடலில் பழுதுபார்ப்பும் முழுதாக நின்றுவிடுவதில்லை போலும்.

மந்தநிலைக்கே ஒரு விலை உண்டு என்பதற்கு இன்னொரு சான்று, கனடாவின் சிப்மங்க் அணில். அது உணவை வளைக்குள் சேர்த்துவைத்து, விழிக்கும்போதெல்லாம் தின்னும். அதன் வளைக்குக் கூடுதலாக உணவு கொடுத்துப் பார்த்தபோது, அது மந்தநிலையைக் குறைத்துக்கொண்டு அதிக நேரம் சூடாகவே இருந்தது. கையில் இருப்பு இருந்தால் யாரும் குளிரில் கிடக்க விரும்புவதில்லை என்பதுபோல.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை உலகம் ஒரு பெரிய துயரத்தின் வழியாகத்தான் புரிந்துகொண்டது. 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனிக்கு அருகே உள்ள ஹவ்ஸ் குகையில், மூக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்த வௌவால்களை ஒருவர் படம் பிடித்தார். அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துக் குகைகளில் ஆயிரக்கணக்கில் வௌவால்கள் இறந்து கிடந்தன. பனிக்கொட்டும் பட்டப்பகலில் வௌவால்கள் வெளியே பறந்து வந்து விழுந்து செத்தன. வெண்மூக்கு நோய் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். காரணம், குளிரில் செழிக்கும் ஒரு பூஞ்சை. சுமார் 20 டிகிரிக்கு மேல் அதனால் வளரவே முடியாது. விழித்திருக்கும் வௌவாலின் சூடான தோலில் அதற்கு இடமில்லை. மந்தநிலையில் இருக்கும் வௌவாலிலோ தோல் குளிர்ந்திருக்கிறது, காவலும் ஓய்ந்திருக்கிறது.

பூஞ்சை இறக்கைத் தோலைத் தின்கிறது. ஆனால் வௌவால்கள் பட்டினியால்தான் செத்திருந்தன, உடலில் கொழுப்பே இல்லை. வசந்தத்துக்கு இன்னும் வாரக்கணக்கில் இருக்கும்போதே கையிருப்பு எப்படித் தீர்ந்தது? 2012-ல் கனடாவில் நடந்த சோதனை விடையைத் தந்தது. பூஞ்சை தொற்றவைக்கப்பட்ட சிறு பழுப்பு வௌவால்கள், நோய் முற்ற முற்ற அடிக்கடி விழித்தன. கடைசியில் வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு. புண்பட்ட இறக்கை வழியே நீர் கசிகிறது, தாகம் எழுப்புகிறது. தொற்று எரிச்சலூட்டுகிறது, அதுவும் எழுப்புகிறது. ஒவ்வொரு முறையும் 0.1 கிராம். உயிரைக் காக்க ஏற்பட்ட விழிப்பே அளவு மீறியபோது உயிரைக் குடித்துவிட்டது. 2012-க்குள்ளாகவே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வௌவால்கள் இறந்திருக்கும் என்று அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. வாசிக்கும்போதெல்லாம் மனதைப் பிசையும் எண்ணிக்கை அது. ஐரோப்பிய வௌவால்களிடம் இதே பூஞ்சை இருந்தும் அவை கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை.

வௌவால்கள் தொங்கும் குகைகளுக்குக் குளிர்காலத்தில் ஆட்களை விடாமல் கம்பிக் கதவு போட்டு வைப்பதன் காரணமும் இதே கணக்குதான். நாம் அவற்றைத் தொடவே வேண்டாம். விளக்கோடு உள்ளே போய்வந்தாலே சில விழித்துவிடும், விழித்தவை பக்கத்தில் தொங்குபவற்றை எழுப்பும். நாம் வீடு திரும்பிய பிறகும் குகைக்குள் மணிக்கணக்கில் பறந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் வடகிழக்கில், நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோன பிறகும், சில குகைகளில் சிறு பழுப்பு வௌவால்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்து நிற்கின்றன. அவற்றைக் குளிர்காலத் தொடக்கத்தில் பிடித்து எடைபோட்டுப் பார்த்தார்கள். நோய் வருவதற்கு முன் அதே குகைகளில் இருந்தவற்றைவிட இவற்றின் உடலில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. ஒரு கிராமில் பத்தில் சில பங்கு மட்டும் கூடினாலும், அதை வைத்து அந்த வௌவால் இன்னும் சில முறை விழித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, ஏப்ரல் வரைக்கும் தொங்கலாம்.